நியூரோபெப்டைடு ஏற்பியைக் குறிவைக்கும் சப்போரின்: வளர்சிதை மாற்ற ஆய்வில் பயன்படுத்துவது எப்படி?

சப்போரின் என்ற செடிநச்சின் குப்பி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்ததும் புதிய மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு போடணும்?" அளவை அப்புறம் பார்க்கலாம். குப்பியில் என்பிஒய்-சப்போரின் (நியூரோபெப்டைடு ஒய் என்ற மூளைப் பெப்டைடோடு கோத்த சப்போரின்) என்று எழுதியிருக்கிறது, மூளைக்குள் போனால் அது எந்தெந்த செல்லைக் கொல்லும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள் என்பேன். பெரும்பாலும் "என்பிஒய் நியூரான்கள்" என்று ஒரே வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்த முறையில் வரும் குழப்பங்களில் பாதி அந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை.

என்பிஒய்-சப்போரின் கொல்வது என்பிஒய்க்கான ஏற்பியை, அதாவது அது வந்து ஒட்டும் புரதத்தை, தாங்கி நிற்கும் செல்களை. அந்த செல் உள்ளே என்ன சுரக்கிறது என்பது நச்சுக்குத் தெரியாது. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதாலமஸின் ஆர்க்குவேட் உட்கருவில் (உட்கரு என்பது இங்கே நியூரான்களின் திரள்) பசியைத் தூண்டும் என்பிஒய் நியூரான்களிலும் அந்த ஏற்பி உண்டு, பசியை அடக்கும் பாம்சி நியூரான்களிலும் உண்டு. இரண்டும் சேர்ந்தே போகும். சுரப்பவர் வேறு, கேட்பவர் வேறு. நாம் எடுப்பது கேட்பவரை. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

நச்சு உள்ளே போகும் வழி

சப்போனாரியா அஃபிசினாலிஸ் என்ற செடியின் விதையில் இருக்கும் புரதம் சப்போரின். எடை ஏறத்தாழ 30 கிலோடால்டன். ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏவிலிருந்து ஒரே ஓர் அடினினைக் கழற்றிவிடும் நொதி இது. அந்த ஒன்று போனாலே ரைபோசோம் புரதம் செய்வதை நிறுத்திவிடும். நொதி என்பதால் ஒரு ரைபோசோமோடு நிற்காது, அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இவ்வளவு சிறிய அளவு போதுமானதாக இருக்கிறது.

ஆனால் சப்போரினுக்குத் தானாக செல்லுக்குள் நுழையத் தெரியாது. ஆமணக்கு விதை நச்சான ரிசினில் செல்லின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டாவது சங்கிலி ஒன்று இருக்கிறது, சப்போரினில் அது கிடையாது. இந்தக் குறைதான் நமக்கு வசதி. ஒரு பெப்டைடையோ எதிர்ப்பொருளையோ அதனுடன் கோத்துவிட்டால் தூண்டிலில் இரை மாட்டியது போல ஆகிவிடும்: இரையைக் கடிக்கும் செல்தான் முள்ளையும் விழுங்கும். ஏற்பி பெப்டைடைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்போது சப்போரினும் கூடவே போகிறது.

இதிலிருந்து நேராக வரும் ஒரு விதி: பெப்டைடை இரையாகப் போட்டால் அது ஏற்பியைத் தூண்டுவதாக இருக்க வேண்டும். ஏற்பியை அடைத்துக்கொண்டு வெளியிலேயே நிற்கும் மூலக்கூறுகள் பெரும்பாலும் உள்ளே இழுக்கப்படுவதில்லை. எல்லா ஏற்பியும் ஒரே வேகத்தில் உள்ளே போவதும் இல்லை. என்பிஒய் ஏற்பிகளில் ஒய்1 சட்டென்று உள்ளே போகும், ஒய்2 மந்தம். ஆகவே உங்கள் இடத்தில் இரண்டு வகையும் இருந்தால் சேதம் இரண்டிலும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குறிவைத்த சப்போரின் 1991-இலிருந்தே நரம்பியலில் புழங்குகிறது. முன்மூளையின் கோலினெர்ஜிக் (அசிடைல்கோலின் சுரக்கும்) நியூரான்களை எடுக்க எதிர்ப்பொருளில் கோத்ததுதான் தொடக்கம். 1997-இல் சப்ஸ்டன்ஸ் பி-சப்போரினைத் தண்டுவடத்தில் செலுத்தி வலி ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் இதை ஊன்றிச் செய்தது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூ ரிட்டரின் குழு. கீழே நான் சொல்லும் உதாரணங்களில் முக்கியமானவை அவர்களுடையவைதான்.

கேள்விக்கு ஏற்ற இரை

2005-இல் அந்தக் குழு என்பிஒய்-சப்போரினை ஆர்க்குவேட்டுக்குச் சற்று மேலே செலுத்தியது. ஒய்1 ஏற்பி குறைந்தது, பசியைத் தூண்டும் பெப்டைடுகளான என்பிஒய், ஏஜிஆர்பி ஆகியவற்றின் எம்ஆர்என்ஏ குறைந்தது, பசியை அடக்கும் எதிர்த்தரப்பான ஆல்ஃபா-எம்எஸ்எச், கார்ட் ஆகியவையும் குறைந்தன. எலிகள் அதிகமாகத் தின்று பருத்தன. அதே 2005-இல் வேறொரு முறையில், வளர்ந்த சுண்டெலிகளில் ஏஜிஆர்பி நியூரான்களை மட்டும் டிஃப்தீரியா நச்சால் எடுத்தபோது அவை சாப்பாட்டையே விட்டுவிட்டன. இடம் ஒன்று, எடுத்ததாகச் சொல்லப்படும் நியூரானும் ஒன்று போலத் தோன்றும், விளைவோ நேர் எதிர். முதல் முறையில் போனது ஏற்பி தாங்கிய கூட்டம் முழுவதும், இரண்டாவதில் போனது ஒரு பெப்டைடைச் சுரக்கும் கூட்டம் மட்டும் என்று பார்த்தால் முரண் பெரிதாகத் தெரியாது. என் மாணவர்களை இந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். அப்புறம் அந்தத் தாளைத் திரும்ப எழுதச் சொல்வேன்.

என்பிஒய்க்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை இது. விழிப்பைத் தாங்கும் பெப்டைடான ஹைப்போகிரெட்டினோடு கோத்த ஹைப்போகிரெட்டின்-2-சப்போரினைப் பக்கவாட்டு ஹைப்போதாலமஸில் போட்ட 2001 ஆய்வில், எலிகளுக்கு நார்கொலெப்ஸி (திடீர்த் தூக்க நோய்) போன்ற தூக்கம் வந்தது. ஹைப்போகிரெட்டின் நியூரான்கள் அழிந்தன என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பியைத் தாங்கிய அக்கம்பக்கத்து நியூரான்களும் அழிந்தன. அதனால் தூக்கத்தில் தெரிந்த மாற்றம் முழுவதையும் ஒரே பெப்டைடின் கணக்கில் எழுத முடியாது.

ஏற்பி தாங்கிய செல்தான் உங்கள் கேள்வி என்றால் இதைவிட நேரான கருவி குறைவு. பின்மூளையில் ஆக்ஸிடோசினைக் கேட்கும் நியூரான்கள் வயிறு நிறைந்த உணர்வில் பங்கு கொள்கின்றனவா? 2010-இல் ஆக்ஸிடோசின்-சப்போரினை எலியின் தனிப்பாதை உட்கருவில் செலுத்திப் பார்த்தார்கள். குடலிலிருந்து வரும் நிறைவு ஹார்மோனான சிசிகே கொடுத்தால் சாப்பாடு குறைய வேண்டும், அந்தக் குறைவு மங்கியது. கேள்வியும் கருவியும் ஒன்றோடொன்று பொருந்துவது இப்படித்தான்.

லெப்டின் நியூரோபெப்டைடு இல்லை, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் ஹார்மோன். ஆனாலும் லெப்டின்-சப்போரின் இதே தர்க்கத்தில்தான் வேலை செய்கிறது. ஆர்க்குவேட்டில் அதைப் போட்ட எலிகள் பருத்ததோடு, சாப்பாட்டு வேளையின் தாளத்தையும் இழந்தன. உடல் கடிகாரமான சுப்ராகயாஸ்மாட்டிக் உட்கரு சேதமில்லாமல் இருந்தும் அப்படி. மொத்தத் தீனியை மட்டும் எடைபோட்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

எதோடு ஒப்பிடுவது

பிளாங்க்-சப்போரின் இல்லாத திட்டத்தோடு யாராவது வந்தால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை. உப்புநீரோடு மட்டும் ஒப்பிட்டால், ஊசி ஏற்படுத்திய காயம், சப்போரின் பொதுவாகக் கசிந்து போனது, குறிவைத்த கொலை ஆகிய மூன்றையும் பிரிக்கவே முடியாது. பிளாங்க்-சப்போரினில் எந்த ஏற்பியோடும் ஒட்டாத ஒரு சிறு பெப்டைடு கோத்திருக்கும். அதே அளவு, அதே கனஅளவு, அதே இடம். அதில் செல் செத்தால் உங்கள் அளவு கூடுதல் என்று அர்த்தம். அளவு கூடினால் செல்கள் சுற்றியுள்ள திரவத்தைப் பருகும்போது சப்போரினும் ஏற்பியின் உதவி இல்லாமலே உள்ளே போய்விடும்.

அளவை நானோகிராமில் ஒப்பிடாமல் மோலில் ஒப்பிடுங்கள். என்பிஒய் 36 அமினோ அமிலம், ஏறத்தாழ 4.3 கிலோடால்டன், சப்போரினோடு சேர்ந்தால் 35-ஐ ஒட்டி வரும். பிளாங்க்கும் அதற்கு அருகில்தான், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எதிர்ப்பொருளோடு கோத்ததில் எதிர்ப்பொருளே 150 கிலோடால்டன். அங்கே நானோகிராமை நானோகிராமோடு வைத்தால் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பல மடங்கு சப்போரின் போய்விடும்.

கோக்காத வெறும் பெப்டைடையும் ஒரு சிறு குழுவுக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. என்பிஒய் தானே பசியைத் தூண்டும். ஊசி போட்ட முதல் நாளில் எலி அதிகம் தின்றால் அது கோத்த பெப்டைடு ஏற்பியைத் தட்டியதால் இருக்கலாம், அதைச் சேதத்தின் விளைவாக எழுதிவிடக் கூடாது.

முதலில் ஒரு பக்கம் மட்டும்

பெரிய குழுவோடு தொடங்க வேண்டாம். சில எலிகளில் இடப்பக்கம் என்பிஒய்-சப்போரின், வலப்பக்கம் பிளாங்க் என்று போட்டு, திசுவை மட்டும் பாருங்கள். ஒரே மூளை, ஒரே மயக்கமருந்து, ஒரே வெட்டு. இரண்டு பக்கத்தையும் நுண்ணோக்கியின் ஒரே புலத்தில் வைத்துப் பார்க்கலாம். இதற்கு ஈடான ஒப்பீடு வேறு இல்லை. இரண்டு மூன்று அளவுகளை இப்படிச் சோதித்து, இடப்பக்கம் ஏற்பி தாங்கிய செல்கள் போயும் வலப்பக்கம் சேதமில்லாமலும் இருக்கும் மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாக ஒரு பக்கத்துக்குப் பத்துக்கணக்கான நானோகிராம், 100 நானோலிட்டர் அளவு திரவம் என்ற எல்லைக்குள்தான் வேலை நடக்கும். அடுத்த தொகுதிக் குப்பி வந்தால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறும். தொகுதி எண்ணை அறுவைப் பதிவேட்டில் ஒவ்வொரு எலியின் பெயருக்கு நேராகவும் எழுதி வைக்க வேண்டும்.

மையக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள ஆர்க்குவேட்டுக்கு ஒரு எச்சரிக்கை: மூளையின் நடுவில் திரவம் நிறைந்த மூன்றாம் அறை வழியாக நச்சு எதிர்ப்பக்கத்துக்குப் போக வாய்ப்புண்டு. வலப்பக்கமும் குறைந்திருந்தால் பிளாங்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஊசித்தடம் அறையைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊசி போடும் நாள்

விலங்கு நெறிக்குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உயிரிப் பாதுகாப்புக் குழுவையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என்பிஒய்யின் அமினோ அமில வரிசை எலியிலும் மனிதரிலும் ஒன்றேதான். எலியின் ஏற்பிக்குப் போட்ட இரையை உங்கள் ஏற்பியும் கடிக்கும். கையுறை, கண்ணாடி, ஊசி மூடியைத் திரும்ப மாட்டாமல் நேராகக் கூர்முனைப் பெட்டிக்குள் போடுவது, மிச்சத்தையும் தொட்ட கருவிகளையும் குழு சொன்னபடி செயலிழக்கச் செய்வது: இவற்றில் என்னிடம் சலுகை கிடையாது.

குப்பி வந்த அன்றே சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்துவிடுங்கள். உருக்கி உறையவைத்து மறுபடி உருக்கினால் வீரியம் குறையும், எவ்வளவு குறைந்தது என்று கண்டுபிடிக்க வழியும் இருக்காது. அன்றைய பங்கை ஐஸில் வைத்து உருக்கி, கிருமிநீக்கிய பாஸ்பேட் உப்புக்கரைசலில் கலந்து, அன்றே முடித்துவிட வேண்டும். குலுக்கக் கூடாது, புரதம் நுரைத்தால் கெடும். விரலால் மெல்லத் தட்டினால் போதும்.

எலியில் ஆர்க்குவேட் மண்டையோட்டின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் ஆழத்தில், மையக்கோட்டிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. மூளையின் அடித்தளத்தைத் தொட்டுவிடும் ஆழம் அது. நூலில் உள்ள ஆயத்தொலைவை அப்படியே நம்பாமல், உங்கள் எலி இனத்தில், உங்கள் எடை வரம்பில், முதலில் சாயத்தைச் செலுத்தி வெட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தலை சட்டத்தில் சமமாக உட்காராமல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் 10 மில்லிமீட்டர் கீழே போவதற்குள் அந்தச் சாய்வு அரை மில்லிமீட்டரைத் தின்றுவிடும். மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் புள்ளிகளான பிரெக்மாவிலும் லாம்டாவிலும் உயரத்தை அளந்து, இரண்டும் ஒன்றாகும்வரை மூக்குக்கட்டையைத் திருத்துவதில் செலவாகும் நேரம் வீண் அல்ல.

மையக்கோட்டுக்கு மேலேயே பெரிய சிரைக்குழாய் ஓடுகிறது. துளையிடும்போது எலும்பு மெல்லியதாகி, அடியில் கருஞ்சிவப்பு தெரியத் தொடங்கியதும் துளைக்கருவியை நிறுத்திவிட்டு, மிச்ச எலும்பை நுண் இடுக்கியால் எடுங்கள்.

எஃகு ஊசியை விட இழுத்து மெலிதாக்கிய கண்ணாடி பிப்பெட்தான் எனக்குப் பிடிக்கும். காயம் குறைவு, அதோடு உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பிப்பெட்டின் பக்கவாட்டில் அளவுக்கோடுகள் போட்டு, திரவத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கோடு இறங்குவதை அறுவை நுண்ணோக்கியில் கவனிப்பேன். பம்ப் ஓடுகிறது, எண் மாறுகிறது, ஆனால் விளிம்பு அசையவில்லை என்றால் நுனி அடைத்திருக்கிறது. அப்போது அழுத்தத்தைக் கூட்டினால் அடைப்பு திடீரென்று விட்டு மொத்தமும் ஒரே மூச்சில் பாயும். வெளியே எடுத்து, பஞ்சில் துடைத்து, காற்றில் ஒரு துளி வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள். 100 நானோலிட்டரைச் சில நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்தி, முடிந்ததும் இன்னும் 5 முதல் 10 நிமிடம் பிப்பெட்டை அங்கேயே விட வேண்டும். உடனே உருவினால் நச்சு தடத்தோடு மேலேறி, நீங்கள் நினைக்காத உட்கருவிலும் வேலை செய்யும்.

தடத்தில் போகிறதா, நிற்கிறதா

கோத்த பொருளைப் பொறுத்து இது மாறும். என்பிஒய்-சப்போரின் போட்ட இடத்திலேயே வேலை செய்தது; ஆர்க்குவேட் பகுதிக்கு இழை அனுப்பும் பின்மூளை என்பிஒய் நியூரான்களில் அந்த 2005 ஆய்வில் சேதம் காணப்படவில்லை. டோபமின் பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சப்போரினோடு கோத்தால் கதை வேறு. நரம்புமுனையில் பை திறக்கும்போது அந்த நொதி வெளியே தலைகாட்டும், எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும், பை உள்ளே திரும்பும்போது கூடவே போய், இழை வழியாகச் செல்லுடல்வரை பின்னோக்கிப் பயணிக்கும்.

அதை ரிட்டரின் குழு 2001-இல் பயன்படுத்திய விதம் எனக்கு இன்றும் பிடித்தது. ஒரே நச்சை ஹைப்போதாலமஸின் பாராவென்ட்ரிகுலர் உட்கருவில் போட்டால், அங்கே இழை அனுப்பும் பின்மூளை கேட்டகோலமின் நியூரான்கள் (அந்த நொதியைக் கொண்டு நோரட்ரீனலின் செய்பவை) போயின. செல்களுக்குச் சர்க்கரை கிடைக்காதபோது எழும் பசி போயிற்று. தண்டுவடத்தில் போட்டால் கீழே இழை அனுப்பும் கூட்டம் போயிற்று. அதே நெருக்கடியில் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் பதில் போயிற்று. நச்சு ஒன்று, இடம் இரண்டு, இழப்பும் இரண்டு.

ஆக, எதோடு கோத்த சப்போரினைப் போட்டாலும், போட்ட இடத்துக்கு இழை அனுப்பும் பகுதிகளை வெட்டிப் பார்க்காமல் "இந்த இடத்துச் சேதம்" என்று எழுதாதீர்கள்.

காத்திருக்கும் காலம்

ரைபோசோம் நின்ற செல் அன்றே சாவதில்லை. இருக்கும் புரதம் தீரும்வரை இழுத்துக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் செல் சாவு, மைக்ரோகிளியாவின் துப்புரவு, அறுவையின் களைப்பு எல்லாம் கலந்து கிடக்கும். நாங்கள் குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் அளக்கத் தொடங்குகிறோம். அதுவரை தினமும் எடை, தினமும் தீனி. இவை முடிவுக்கான தரவு இல்லை, எலியின் நலனுக்கான கண்காணிப்பு. வலிநிவாரணி, ஈரமான தீனி, எடை எந்த எல்லைக்குக் கீழே போனால் ஆய்வை நிறுத்துவது என்பதெல்லாம் அறுவைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

எதை அளப்பது

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு சேதத்துக்கும் இரண்டு சோதனை வேண்டும்: உடைய வேண்டியது ஒன்று, உடையக் கூடாதது ஒன்று. என்பிஒய்-சப்போரின் எலிகளில் பக்கஅறை வழியாகக் கொடுத்த கிரெலின் (அந்த ஆய்வில் 2 மைக்ரோகிராம், 5 மைக்ரோலிட்டரில்) பசியைத் தூண்டுவது பாதிக்கப்பட்டது, லெப்டினின் பதிலும் பாதிக்கப்பட்டது. ஆனால் செல்கள் சர்க்கரையைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் கொடுத்தபோது எலிகள் வழக்கம்போலத் தின்றன. இரண்டாவது முடிவு இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால், "உடம்பு சரியில்லாத எலி சாப்பிடவில்லை" என்று யாரும் ஒரே வரியில் தள்ளிவிடலாம். அதோடு, ஆர்க்குவேட் என்பிஒய் நியூரான்கள்தான் சர்க்கரைத் தட்டுப்பாட்டுப் பசிக்கு அவசியம் என்ற எதிர்பார்ப்பையே அந்த இரண்டாவது முடிவு கவிழ்த்துவிட்டது.

2-டிஆக்ஸிகுளுக்கோஸ் சோதனையை எலி வழக்கமாகக் குறைவாகத் தின்னும் பகல்வேளையில் வையுங்கள். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது பரவலாகப் புழங்கும் அளவு. தீனியைக் கொடுத்து 4 மணிநேரம் அளக்கலாம். கூண்டுக்கு அடியில் தாள் விரித்து, சிந்திய தூளையும் சேர்த்து எடைபோட வேண்டும். சில எலிகள் தின்பதைவிடக் கொறித்துக் கொட்டுவது அதிகம், அதைக் கழிக்காவிட்டால் அவைதான் உங்கள் குழுவிலேயே பெரும்பசிக்காரர்களாகத் தெரியும்.

அடுத்தது உடல் எடை. சேதப்பட்ட எலி பருக்கிறது. பருத்த பிறகு இன்சுலின் கூடுகிறது, குளுக்கோஸ் தாங்குதிறன் குறைகிறது. இது நியூரான் போனதாலா, கொழுப்பு சேர்ந்ததாலா? இரண்டு வழி இருக்கிறது. எடைகள் பிரிந்து போவதற்குள் ஒரு முறை அளந்துவிடுவது. இல்லையென்றால் சேதப்பட்ட எலிகளில் ஒரு குழுவுக்கு, ஒப்பீட்டு எலி தின்னும் அளவை மட்டுமே கொடுத்து வளர்ப்பது. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் முதலாவது. ஏனென்றால் தீனியைக் கட்டுப்படுத்திய எலி, வைத்ததை ஒரே வேளையில் தின்றுவிட்டு மீதி நேரம் பட்டினி கிடக்கும். அதன் வளர்சிதை மாற்றம் அந்தத் தாளத்தாலேயே மாறிவிடும்.

ஆற்றல் செலவை மறைமுகக் கலோரிமெட்ரியில் அளக்கும்போது, வந்த எண்ணை உடல் எடையால் வகுக்காதீர்கள். கொழுப்புத் திசு குறைவாகவே எரிக்கும். பருத்த எலியின் எண்ணை மொத்த எடையால் வகுத்தால் அது சோம்பேறி போலத் தெரியும். எடையையோ, கொழுப்பில்லாத திசுவின் எடையையோ துணைமாறியாக வைத்துக் கோவேரியன்ஸ் பகுப்பாய்வு செய்வதே முறை. சுவாச விகிதம் 1.0-ஐ ஒட்டி இருந்தால் மாவுச்சத்தை எரிக்கிறது, 0.7-ஐ ஒட்டி இருந்தால் கொழுப்பை. இதன் 24 மணிநேரச் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு "மாற்றமில்லை" என்று மூடிவிடுபவர்கள் உண்டு. லெப்டின்-சப்போரின் எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: இரவும் பகலும் ஒன்றாகிப்போனதுதான் அங்கே செய்தி. மணிக்கு மணி வரைந்து பாருங்கள். சுண்டெலிகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 22 டிகிரி நமக்குச் சுகம், அவற்றுக்குக் குளிர். உடம்பைச் சூடாக வைக்கவே பெருமளவு ஆற்றலைச் செலவழித்துக்கொண்டிருக்கும். 30 டிகிரியை ஒட்டி ஒரு தடவை அளந்தால் கதை மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

திசு சொல்வது

என்பிஒய்க்குச் சாயமேற்றிப் பார்த்து "இன்னும் நிறைய இருக்கிறதே, நச்சு வேலை செய்யவில்லை" என்று ஓடிவருவார்கள். அந்தப் பச்சைப் புள்ளிகளில் கணிசமானவை பின்மூளையிலிருந்து வரும் இழைகள். அவை போகாது, போகவும் கூடாது. செல்லுடல்களை எண்ண வேண்டுமென்றால் எம்ஆர்என்ஏவை இன் சிட்டு முறையில் பாருங்கள். இழையில் பார்க்க வேண்டுமென்றால் ஏஜிஆர்பியைப் பாருங்கள்; மூளையில் அதைச் செய்வது ஆர்க்குவேட் மட்டும்தான். பாராவென்ட்ரிகுலர் உட்கருவில் ஏஜிஆர்பி இழை மெலிந்து, என்பிஒய் இழை ஓரளவு மிஞ்சியிருந்தால் ஆர்க்குவேட்டில் உங்கள் ஊசி சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எம்ஆர்என்ஏ குறைந்தது என்றால் செல் செத்தது என்று பொருளாகிவிடாது. உயிரோடு இருந்துகொண்டே சுரப்பைக் குறைத்திருக்கலாம். அதனால் நியூஎன் சாயத்தில் நியூரான்களை எண்ணுங்கள். சில எலிகளை முதல் வாரத்திலேயே எடுத்து, சாகும் நியூரான்களைக் காட்டும் ஃப்ளூரோ-ஜேடில் பாருங்கள். ஜிஎஃப்ஏபி சாயத்தில் கிளியா (நியூரான்களின் துணை செல்கள்) வடு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாம் அறையின் சுவரில் டானிசைட்டுகள் (நியூரான் அல்லாத சுவர் செல்கள்) ஒழுங்கான வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் ஓட்டை விழுந்திருந்தால் நியூரானோடு மட்டும் விளைவை இணைத்துப் பேச முடியாது.

எந்த எலி உள்ளே, எந்த எலி வெளியே என்பதைக் குழு தெரியாத ஒருவர் திசுவை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அதுவும் தீனித் தரவைத் திறப்பதற்கு முன். "இந்த எலி பருக்கவில்லை, ஊசி தவறியிருக்கும்" என்று பின்னால் கழிப்பது ஆய்வே இல்லை. தவறிப்போன ஊசிகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்து எந்த மாற்றமும் காட்டாத எலிகள், இடம் முக்கியம் என்பதற்குச் சாட்சி. அவற்றைத் தனிக் குழுவாகக் காட்டுங்கள்.

வேறு கருவி எடுக்க வேண்டிய இடம்

ஒரே பெப்டைடைச் சுரக்கும் நியூரான்களை மட்டும் எடுப்பதுதான் கேள்வி என்றால் சப்போரின் வேண்டாம். கிரீ சுண்டெலியில் (குறிப்பிட்ட செல்வகையில் மட்டும் மரபணுவை இயக்கும் கிரீ நொதி கொண்டது) டிஃப்தீரியா நச்சு ஏற்பியை ஏற்றிக்கொள்ளுங்கள். சுண்டெலியின் சொந்த செல்கள் அந்த நச்சைப் பிடித்துக்கொள்வதில்லை என்பதால், ஏற்பி ஏற்றிய கூட்டம் மட்டும் போகும். நியூரான் கொஞ்ச நேரம் மௌனமானால் என்ன ஆகும் என்பது கேள்வி என்றால் ட்ரெட் முறை: வடிவமைத்த ஏற்பியை நியூரானில் ஏற்றி, மருந்தால் அதைத் தற்காலிகமாக அடக்குவது. நச்சில் திரும்பி வரும் வழி கிடையாது, வாரக்கணக்கில் மூளை ஈடுகட்டிக்கொள்ளவும் செய்யும். கிரீ வரிசைகள் அரிதான விலங்குகளில், வளர்ந்த பருவத்தில், ஓர் ஏற்பியைத் தாங்கிய கூட்டம் முழுவதும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று கேட்டால் சப்போரினை எடுங்கள். ஆர்டர் போடும்போது பிளாங்க்-சப்போரினையும் சேர்த்தே போடுங்கள், முழு ஆய்வுக்கும் போதுமான அளவு ஒரே தொகுதியிலிருந்து வருமா என்று விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.